ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை: ஏ.சி. குறித்த வாசகர் கேள்விகள்

பங்குனி பிறந்தது முதல் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறையீட்டைத்தான் சொல்கின்றன: ஏ.சி. ஓடுகிறது, காற்றும் வருகிறது, அறை மட்டும் குளிரவில்லை. நாற்புறமும் மலைகள் சூழ்ந்த சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல என்பதால், இந்த முறை முழுப் பகுதியையும் அந்த ஒரு சிக்கலுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. இருக்கிறது, வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் குளிர்ச்சி குறைந்தபோது, கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மெக்கானிக் நிரப்பிக் கொடுத்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, இப்போது மறுபடியும் ஃபேன் காற்று போலத்தான் வருகிறது. வேறொரு மெக்கானிக்கை அழைத்தோம். அவரும் கேஸ் என்றே சொல்கிறார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. ஆண்டுதோறும் கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா?
(வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: வேண்டியதில்லை. வண்டியில் பெட்ரோல் தீர்வதைப் போல ஏ.சி.யில் கேஸ் தீராது. அது நாற்புறமும் அடைபட்ட செம்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அறைக்குள் இருக்கும் பெட்டியின் (இன்டோர்) குழாய்ச் சுருளான காயிலில் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது, வெளியே இருக்கும் பெட்டியான அவுட்டோரில் அந்த வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஏ.சி. வாங்கிய நாளில் இருந்த கேஸ்தான் அதன் ஆயுள் முடியும் வரை இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிக் கொடுப்பவர் உங்களுக்கு விற்றது ஒரு கோடைக்கான குளிர்ச்சியைத்தான். எனவே ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று யார் சொன்னாலும், ‘லீக் எங்கே இருக்கிறது?’ என்பதே உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஐயம் ஒன்று உண்டு. கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? இன்டோர் ஃபில்டர் அடைத்துக்கொண்டு காயிலின் மீது போதிய காற்று படாவிட்டால், கேஸ் சரியான அளவில் இருக்கும்போதும் மெக்கானிக்கின் அழுத்த மீட்டர் குறைந்த அழுத்தத்தையே காட்டும். அவசரத்தில் வரும் மெக்கானிக் அந்த முள்ளைப் பார்த்துவிட்டுக் கேஸ் குறைவு என்று முடிவு கட்டிவிடுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. சீசன் நேரத்தில் ஒரே நாளில் பல வீடுகளுக்கு ஓட வேண்டியவருக்கு ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதைவிடச் சிலிண்டரை மாட்டுவது விரைவான வேலை. வருமானமும் அதில்தான் அதிகம்.

ஆகவே முதலில் உங்கள் கையில் இருப்பவற்றைப் பாருங்கள். ரிமோட்டில் பனிப்பூச் சின்னம், அதாவது ‘கூல்’ நிலை, இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகள் கைபட்டு ‘ஃபேன்’ நிலைக்கு மாறியிருந்தால் காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும், ‘டிரை’ நிலைக்கு மாறியிருந்தால் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும். அடுத்து முன்மூடியைத் திறந்து இரண்டு ஃபில்டர்களையும் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மறுபக்கம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மாட்டிவிடுங்கள். தறி ஓடும் தெருவில் இதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை என்று கையேடு சொல்வது பஞ்சு பறக்காத ஊர்களுக்கான கணக்கு.

பிறகு ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யை 16 டிகிரியில், ஃபேனை அதிக வேகத்தில் வைத்து, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இன்டோரின் மேற்புறத்தில் அறைக் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு முறையும், கீழே குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் உங்கள் ஏ.சி. தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அப்போதும் அறை குளிரவில்லை என்றால் குறை அறையில் இருக்கிறது, அதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான் என்றால் குறை இயந்திரத்தில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

குறை இயந்திரத்தில் என்று தெரிந்தால் மாடிக்குப் போய் அவுட்டோரைப் பாருங்கள். உங்கள் தெருவைப் பொறுத்தவரை என் ஐயம் முழுவதும் இங்கேதான். அவுட்டோரின் முன்பக்கம் இருக்கும் விசிறிக் கூண்டு பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருக்கும். காற்று அந்த வழியாக வெளியே போகிறதே தவிர உள்ளே வருவதில்லை. காற்றை உள்ளே இழுப்பது பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும். அவை சுவரைப் பார்த்து இருப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தறிக்கூடத்தின் அருகே உள்ள அவுட்டோரின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், அலுமினியத் தகடுகளே தெரியாதபடி சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒரு கம்பளியாகப் படிந்திருக்கும். நகத்தால் கிள்ளினால் துண்டாக உரிந்து வரும். அந்தக் கம்பளிக்குள்ளிருந்து வெப்பம் வெளியேற முடியாது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் சூடேறி, மின்சாரத்தை அதிகம் இழுத்து, மதிய வேளையில் தானாக நின்றுவிடும். இந்த நிலையில் கேஸை மேலும் நிரப்பினால் உள்ளே அழுத்தம் இன்னும் ஏறுமே தவிரக் குளிர்ச்சி கூடாது.

சுத்தம் செய்யும்போது ஏ.சி.க்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாக இழுத்துப் பஞ்சை எடுத்துவிட வேண்டும். பஞ்சை எடுக்காமலே தண்ணீரைப் பீய்ச்சினால் அது நனைந்து இடுக்குகளுக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சு வந்த பிறகு தோட்டக் குழாயின் மெல்லிய வேகத்தில் கழுவுங்கள். கார் கழுவும் பம்பின் வேகத்தில் அந்தத் தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய தகடும் அடைப்புத்தான்.

இத்தனைக்குப் பிறகும் குளிரவில்லை என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. அவுட்டோருக்குள் போகும் இரண்டு செம்புக் குழாய்களில், ஏ.சி. நன்றாக ஓடும்போது தடித்த குழாய் சில்லென்று இருந்து வியர்க்க வேண்டும். தடித்த குழாய் வெதுவெதுப்பாக இருந்து, மெல்லிய குழாயின் மேல் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் இன்னொன்றும் சொல்ல முடியும். அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும்; சாதாரண ஏ.சி.யில் கேஸ் குறைந்தால் இழுக்கும் மின்னோட்டம் அந்த அளவைவிடத் தெளிவாகக் குறையும், அவுட்டோர் அடைத்திருந்தால் கூடும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் இந்த அளவை மட்டும் நம்ப முடியாது.

கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சிறிது சேர்ந்து வெளியேறும் என்பதால், குழாய் இணையும் பித்தளை நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலை இது: பழைய கேஸை மீட்டெடுத்த பிறகு நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக்கைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், அதன் பிறகு வாக்கியூம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுவதும் இழுக்க வேண்டும், கடைசியாக ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் வாங்கியது என்பதால் உங்களுடையது ஆர் 32 அல்லது ஆர் 410ஏ கேஸாக இருக்கக்கூடும். பின்னது ஆர் 32, ஆர் 125 என்ற இரண்டு கேஸ்களைச் சரிபாதியாகக் கலந்தது. முன்னது மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. ஆகவே வெல்டிங் செய்வதற்கு முன் குழாயில் அது துளியும் இருக்கக் கூடாது, கதவு சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். வாக்கியூம் பம்பே எடுத்து வராதவரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: மேல்மாடியில் 150 சதுர அடி அறை. புது ஏ.சி., ஒன்றரை டன். மாலை ஐந்து மணிக்குப் போட்டால் இரவு பதினொரு மணி வரை குளிர்வதே இல்லை. அதன் பிறகு போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிர்கிறது. 16 டிகிரியில் வைத்தும் பயனில்லை. கம்பெனியிலிருந்து வந்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.
(வாசகர், ஐந்து ரோடு பகுதி)

பதில்: வந்தவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன், காரணத்தைத்தான் சொல்லாமல் போய்விட்டார். பதினொரு மணிக்கு மேல் நன்றாகக் குளிரும் ஏ.சி.யில் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. உங்கள் எதிரி தலைக்கு மேலே இருக்கும் காங்கிரீட் தளம். பகல் முழுவதும் மொட்டை மாடியில் விழும் வெயிலை அது குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் தாமதமாகத்தான் கீழே அறைக்குள் விடுகிறது. மதியம் ஒரு மணியைவிட மாலை ஆறு மணிக்கு உங்கள் கூரையின் அடிப்பகுதி அதிகம் சுடுவதற்கு இதுவே காரணம். ஒரு நாற்காலியின் மேல் ஏறி உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஒன்றரை டன் என்பது சுமார் 5,200 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். அதுவும் வெளியே 35 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கும்போது சோதித்துப் போட்ட கணக்கு. வெளியே 41 டிகிரி கொதிக்கும்போது, அதிலும் மேற்கு வெயில் படும் சுவரில் அவுட்டோர் மாட்டியிருக்கும்போது, அந்தத் திறன் குறைந்துவிடும். வெயில் கூடக் கூட அறைக்குள் வரும் வெப்பம் ஏறுகிறது, அதை வெளியேற்றும் வலு இறங்குகிறது. மேற்கே கண்ணாடிச் சன்னல் இருந்தால், திரையில்லாத ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 வாட்டுக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

16 டிகிரியில் வைப்பதால் இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏ.சி. விரைவாகக் குளிர்விப்பதில்லை. 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அதன் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்பது என்பது மட்டுமே மாறும். நள்ளிரவில் உங்களுக்குப் போர்வை தேவைப்படுவது அதனால்தான். 2020 சனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. ஒரு டிகிரி உயர்த்தினால் ஆறு விழுக்காடு அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்திச் சிக்கன அமைப்பின் மதிப்பீடு.

செய்ய வேண்டியவை ஏ.சி.யில் இல்லை, மாடியில் இருக்கின்றன. முந்தைய தலைமுறை வீடுகளில் தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தார்கள். வெயில் காங்கிரீட்டைத் தொடுவதற்கே நேரம் பிடிக்கும். இப்போது அந்தச் செலவை மிச்சம் பிடித்துத் தளத்தை வெறுமனே விட்டுவிட்டு, அதே பணத்தை மின்கட்டணமாகக் கட்டுகிறோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிப்பதே செலவு குறைந்த வழி; மாடி அழுக்கேறினால் பூச்சின் பலன் குறையும் என்பதால் கோடை தொடங்கும் முன் ஒருமுறை கழுவிவிட வேண்டும். வெள்ளை ஓடு பதிக்கலாம். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் உதவும், ஆனால் அது தளம் சுடுவதைத் தடுக்காது. மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது பலமடங்கு மேல், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே அங்கே நின்றுவிடும். மாலை ஐந்து மணிக்கு முதலில் சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் ஃபேனைச் சுழலவிட்டு, அடைந்த சூட்டை வெளியேற்றிய பிறகு ஏ.சி.யைப் போடுங்கள்.

கேள்வி: அவுட்டோரில் விசிறி சுற்றுகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘உம்’ என்று உறுமல் கேட்டு ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. காற்று துளியும் குளிரவில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். மாலை நேரங்களில் எங்கள் பகுதியில் லைட்டும் மங்கலாகத்தான் எரியும்.
(வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: கம்ப்ரஸருக்கு இப்போதே மாலை போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது, கம்ப்ரஸர் கிளம்ப முயன்று, முடியாமல் சூடேறி, அதன் காவல் சுவிட்ச் அதை நிறுத்திவிடும் ஓசை. சூடு தணிந்ததும் சுவிட்ச் சேர்ந்துகொள்ள, மறுபடியும் அதே கதை. அவுட்டோரின் முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். வெளிவரும் காற்று வெளிக் காற்றைவிடச் சூடாக இல்லை என்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை என்பது உறுதி. ஓடாததற்கு இரண்டு எளிய காரணங்கள் உண்டு, இரண்டுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

முதலாவது கெபாசிட்டர். இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.களில் உருளை வடிவில் இருக்கும் இதுதான் கம்ப்ரஸருக்குக் கிளம்பும் உந்துதலைத் தருகிறது. வெயிலில் சில ஆண்டுகள் வெந்ததும் இதன் வலு குறைந்துவிடும். சிலவற்றில் மேல்மூடி சற்றே உப்பியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உடம்பில் 45 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தால் மீட்டரிலும் ஏறத்தாழ அதையே காட்ட வேண்டும். 30 காட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். சில நிமிட வேலை, கம்ப்ரஸரின் விலையில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் வாங்குங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்னேற்றம் தங்கியிருந்து அடிக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது வோல்டேஜ். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். மோட்டாரின் கிளம்பும் விசையோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 180 வோல்ட்டில் அந்த விசை ஏறத்தாழ அறுபது விழுக்காடாகிவிடும். மாலை ஏழு மணிக்கு ஒருமுறை பிளக்கில் அளந்து பாருங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அது தாங்கும் கீழ் எல்லை எவ்வளவு என்று பின்புறத்தில் பாருங்கள், தெரு முழுவதும் இதே நிலை என்றால் மின்வாரியத்தில் புகார் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் மங்குகிறது என்றால் மீட்டர் பெட்டியில் தளர்ந்த ஒயர் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால், அப்போது கம்ப்ரஸரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: சர்வீஸ் செய்வதற்கு முன்னால் நன்றாகத்தான் குளிர்ந்தது. சர்வீஸ் முடிந்த மறுநாளிலிருந்து அவுட்டோர் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது.
(வாசகி, சூரமங்கலம்)

பதில்: இன்டோரில் ஃபில்டருக்குப் பின்னால், காயிலுக்கு முன்பாக ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கியில், மணிமுனை போன்ற சென்சார் ஒன்று ஒயரின் நுனியில் நிற்கும். அறைக் காற்றின் சூட்டை அளப்பது அதன் வேலை. கழுவும்போது அது கொக்கியிலிருந்து கழன்று காயிலின் மேலேயே சாய்ந்துவிட்டால், காயிலின் குளிரையே அறையின் குளிர் என்று எண்ணிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சர்வீஸ் செய்தவரையே அழைத்து, சென்சாரைப் பழைய இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அருகே வீடு. புதிய ஏ.சி.யில் மூன்றாம் ஆண்டே காயிலில் ஓட்டை விழுந்துவிட்டது. செம்புக் குழாய் கறுத்திருக்கிறது. தரம் குறைந்த பொருளை விற்றுவிட்டார்களா?
(வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் கறுக்கின்றனவா என்று பாருங்கள். கிழங்கு மாவு கலந்த கழிவுநீர் தேங்கிப் புளித்தால் அழுகிய முட்டை நாற்றம் வருமல்லவா, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்வது அதுதான். மெல்லிய செம்புக் காயிலை அது நாளடைவில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். ஒட்டி அடைத்தாலும் பக்கத்தில் இன்னொன்று விழும். ஆகவே காயிலை முழுவதுமாக மாற்றுவதே சரி. மாற்றும்போது அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள காயில் கிடைக்குமா என்று கேளுங்கள். வாரண்டி அட்டையில் காயிலுக்கு எத்தனை ஆண்டு, சுற்றுச்சூழல் அரிப்புக்கு அது பொருந்துமா என்பதையும் படித்துப் பாருங்கள். வெள்ளிப் பட்டறைகளில் அமிலப் புகை படும் அவுட்டோர்களுக்கும் இதே கதிதான்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காட்டேஜை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரும் மெத்தையும் ஈரம் பிடித்துப் பூஞ்சை பூப்பதால், அறையை உலர வைக்க ஏ.சி.யை ஓட்டுகிறோம். ஒரு மணி நேரத்தில் காயில் முழுவதும் பனி உறைந்து, காற்று நின்று, பிறகு தண்ணீர் கொட்டுகிறது. கேஸ் குறைவா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: பனி உறைந்தால் கேஸ் குறைவு என்று சேலத்தில் சொன்னால் பாதி நேரம் பலிக்கும். ஏற்காட்டில், அதுவும் கார்த்திகையில், பலிக்காது. உங்கள் ஏ.சி. வெயில் நாட்டுக்காகச் செய்யப்பட்டது. வெளியே குளிர் அதிகமானால் அவுட்டோரில் அழுத்தம் இறங்கிவிடும். அதனால் இன்டோர் காயிலுக்குப் போதிய கேஸ் தள்ளப்படுவதில்லை. அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் பனியாக உறைகிறது. பல மாடல்களின் கையேட்டில் எந்த வெளி வெப்பநிலைக்குக் கீழே ‘கூல்’ நிலையில் ஓட்டக் கூடாது என்று குறிப்பிட்டிருப்பார்கள். 18, 20 டிகிரி என்பவை வழக்கமாகக் காணும் அளவுகள். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு என்பதால், விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் காயிலுக்குக் கிடைக்கும் வெப்பம் இன்னும் சற்றுக் குறையும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்து, சித்திரை வைகாசியில் இதே ஏ.சி. பனி பிடிக்காமல் ஓடுகிறது என்றால் அதில் குறையே இல்லை. பனி பிடித்ததும் ‘ஃபேன்’ நிலைக்கு மாற்றி முழுவதும் உருகவிடுங்கள். கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ சுரண்ட வேண்டாம், காயில் கிழிந்துவிடும். ஈரத்தை எடுப்பதற்கென்றே டீஹியூமிடிஃபையர் என்ற கருவி விற்கிறது. பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மலையின் குளிரிலும் வேலை செய்யும். கருவி எதுவானாலும், ஓடும்போது மூடுபனி உள்ளே வராமல் சன்னல்களைச் சாத்திவையுங்கள். மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் எல்லாவற்றையும் திறந்துவிடுவதற்கு ஈடான கருவி இதுவரை கடைக்கு வரவில்லை.

கேள்வி: பதினைந்து வயதான ஏ.சி., ஆர் 22 கேஸ். லீக் இருக்கிறது. அந்தக் கேஸ் விலை அதிகம், ஆர் 32 போட்டுத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: கூடாது. ஆர் 32 அழுத்தத்தில் ஆர் 22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய காயிலும் கம்ப்ரஸரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, கம்ப்ரஸர் ஆயிலும் வேறு. போதாக்குறைக்கு அது தீப்பற்றக்கூடியது. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி ஆர் 22 படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. வளரும் நாடுகளுக்கான கெடு 2030. ஆகவே அதன் விலை இறங்க வாய்ப்பில்லை. லீக் நட்டில் இருந்தால் அடைத்து, ஆர் 22-ஐயே நிறுத்து ஏற்றிக்கொண்டு இந்தக் கோடையைக் கடத்துங்கள். காயிலிலேயே ஓட்டை என்றால் செலவழிக்காமல் ஏ.சி.யையே மாற்றிவிடலாம். பழையதைக் காயலான் கடைக்குப் போடும்போது, குழாயை அறுத்துக் கேஸைக் காற்றில் விட்டுவிடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்கக்கூடிய மெக்கானிக்கை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.